கேனின் முதுகில் எழுதாதது

தை பிறந்து நாலாம் நாள்.
வடபாதிமங்கலத்தில் பாதி வயலோடு
நின்றுபோனது அறுவடை எந்திரம்.
ஆத்தூர்க்காரர் அங்கமுத்து
யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டு
கூத்தாநல்லூரில் என் கடைக்கு வந்தார்.
கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.
உள்ளே தண்ணீர் இல்லை.
அடுப்பில் மறந்துவிட்ட புளிக்கரைசல்போல
என்னவோ ஒன்று.

சாய்த்துக் காட்டினார்.
நகரவில்லை அது.

'இங்கதாம்மா வாங்குனேன்.'
ஆமாம். என் கையெழுத்து, என் பில்,
புரட்டாசியில்.
பதினைந்து டபிள்யூ நாற்பது.

அன்றைக்கு இரண்டு கேன்கள் மேசைமேல் இருந்தன.
இரண்டின் முகத்திலும் அதே எண்.
ஒன்றைவிட மற்றது இரண்டரை மடங்கு விலை.
'நம்பர் ஒண்ணுதானே?' என்றார்.
'ஒண்ணுதான்' என்றேன்.

பொய் இல்லை அது.
பாதி.

டபிள்யூ என்றால் குளிர்காலம்.
நம்மூர்க் குளிர்காலம் என்பது
விடிகாலையில் காதைச் சுற்றும் ஒரு துண்டு, அவ்வளவுதான்.
எண்ணெய்க்கு இங்கே பரீட்சை நண்பகலில்,
செயின் வண்டி சேற்றில் வயிறு தட்டி
உறுமிக்கொண்டே நிற்கும்போது.

கேனில் நூற்றுக்கு எண்பது பங்கு
வெறும் அடி எண்ணெய்.
மிச்சம் மருந்து:
கரி படியாமலிருக்க, துருப்பிடிக்காமலிருக்க, நுரைக்காமலிருக்க.
விளம்பரம் எல்லாம் மருந்தைப் பற்றித்தான் பேசும்.
உவர் மண்ணில் யூரியா கொட்டியவர்களைக் கேளுங்கள்,
மருந்து எதுவரைக்கும் போகும் என்று.

மலிவுக் கேனில் இருந்தது
கச்சா எண்ணெயைச் சலித்தெடுத்த எண்ணெய்.
எவ்வளவு தூற்றினாலும் பதர் கிடக்கிற நெல் அது.
இலேசானவை சூட்டில் ஆவியாகிப் போகும்,
அளவுக்குச்சியில் கோடு இறங்கும்.
தங்கியது காற்றோடு சேர்ந்து புளிக்கும்,
புளித்தது இறுகும்.
விலை கூடியதோ
ஹைட்ரஜனேற்றி, உடைத்து, திரும்ப அடுக்கியது.
அதற்கும் மேலே ஒன்று உண்டு;
அதை யாரும் சலித்தெடுப்பதில்லை, கட்டுகிறார்கள்,
ஒரே அச்சில் அறுத்த செங்கல்போல.
சூட்டில் இளகாத எண்ணெய் கிடையாது.
எவ்வளவு இளகும் என்பதில் இருக்கிறது
இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே
அந்த முடியளவுகூட இல்லாத இடைவெளியின் உயிர்.

இதெல்லாம் எனக்குத் தெரியும்.
காரைக்காலில் மூன்று வருடம் வேதியியல் படித்தவள்.
வரிசை நீளமாக நின்றது, சொல்லவில்லை.
இல்லை, அதுகூடக் காரணமில்லை.
அவர் சட்டையைப் பார்த்து
அவரிடம் பணம் இருக்காது என்று
நானே முடிவு செய்துவிட்டேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே சவரிமுத்து வந்தார்,
மோட்டார் கொட்டகையில் முப்பது வருட டீசல் என்ஜின் வைத்திருப்பவர்.
பாட்டிலைப் பார்த்தார்.
'எனக்கு அந்த ஒசந்ததைக் குடு.'
வேண்டாம் என்றேன்.
உங்கள் என்ஜின் சீலெல்லாம்
பழைய எண்ணெயில் ஊறி உப்பியவை.
அதன் இடுக்குகளை அடைத்து நிற்பதே
இத்தனை வருடத்துக் கரிதான்.
இது போய் அதைக் கழுவிவிடும், ஒழுகும்.
அந்த என்ஜினுக்கு மலிவுதான் மருந்து.

'என்னால குடுக்க முடியாதுன்னு நெனச்சியா?'
என்றார்.
ஐந்நூறு ரூபாய்த் தாள்களை மேசையில் வைத்தார்,
எடுத்துக்கொண்டார்,
எதிர்க்கடைக்குப் போனார்.

அங்கமுத்து எதுவும் பேசவில்லை.
மேட்டூர் மூட இன்னும் பத்து நாள்.
வானம் கிழக்கே மங்கிக்கொண்டிருந்தது.
சாய்ந்த நெல் நனைந்தால்
மூன்றே நாளில் கதிரிலேயே முளைக்கும்.
மன்னார்குடி மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.
செலவில் பாதி என் கணக்கில் என்றேன்.
'முழுசும் போடேன்' என்றார்,
சிரிக்காமல்.

இப்போது பில்லில் எண்ணுக்குக் கீழே
இன்னொரு வரி எழுதுகிறேன்,
அடி எண்ணெய் எந்த வகை என்று.
பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை.
ஒருவர் மட்டும் கேட்டார்,
இது என்ன, ஜிஎஸ்டியா என்று.

பாட்டில் கல்லாவுக்கு அடியில் இருக்கிறது.
மதியம் கூட்டமில்லாத நேரத்தில்
எடுத்துச் சாய்த்துப் பார்ப்பேன்.